பழைய ஆயில் எங்கே போகுது?

சொந்தமா பைக் ஆயில் மாத்துறவன் வீட்டு வாசலைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். சூட்டோட ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி விரலைச் சுட்டுக்கிட்டிருப்பான். போல்ட் தட்டுக்குள்ள விழுந்திருக்கும். திரும்ப மாட்டும்போது வீரத்தைக் காட்டி முறுக்கினா அலுமினிய மரை காலி, அப்புறம் சொட்டு சொட்டா ஒழுகும்.

இதெல்லாம் சிரிச்சிட்டுப் போகலாம். போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு ஏறுற வண்டிக்கு ஆயில் மாத்தித்தான் ஆகணும். கூலியை மிச்சம் பிடிக்கிறதும் தப்பில்லை.

சிரிக்க முடியாதது அதுக்கப்புறம்தான். தட்டுல இருக்கிற கறுப்பு ஆயிலைச் சாக்கடையில ஊத்துறாங்களே, அது எங்கே போகும்? "மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடும்"னு பதில் வரும். சரி, எங்கே? கொட்டகுடி ஆத்துக்கு. அங்கிருந்து வைகைக்கு. வைகை அணைத் தண்ணியைத்தான் மதுரை குடிக்குது. ஒரு பங்கு ஆயில் பத்து லட்சம் பங்கு நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே எச்சரிக்குது. மத்திய அரசோட 2016 விதிகள்லயும் இது அபாயகரக் கழிவுதான்.

புது ஆயில் வந்த கேன் காலியாத்தானே கிடக்கு? அதுல பிடிச்சு, பழைய ஆயிலை பேரல்ல சேர்த்து வைக்கிற ஒர்க்‌ஷாப்ல கொடுத்தா முடிஞ்சது. மரை போற அளவுக்கு போல்ட்டை முறுக்குற கைக்கு, ஒரு கேன் மூடியை முறுக்கத் தெரியாதா?