விதுரர் எங்கே?

புராணக் கதையொன்றைக் கண்டு பிரிட்டிஷ் சர்க்கார் அஞ்சிற்று என்றால் இக்காலத்து இளைஞர் நகைக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுவே. 1921இல் பம்பாய் கோஹினூர் பிலிம் கம்பெனியார் ‘பக்த விதுரர்’ என்னும் பேசாப் படத்தை வெளியிட்டனர். டைரக்டர் காஞ்சிபாய் ராத்தோட். கம்பெனியை நடத்திய துவாரகாதாஸ் சம்பத் அவர்களே விதுரராக வேஷம் தரித்தார். வேஷமோ கதர்ச் சட்டையும் காந்திக் குல்லாவும்! ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த வருஷம் அது. அஸ்தினாபுரத்து மந்திரியாக வந்தவர் யார் என்பதை ஜனங்களுக்கு ஒருவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

கராச்சியில் படம் தடை செய்யப்பட்டது, சென்னையிலும் அவ்வாறே. அதிகாரிகளின் புத்திக் கூர்மையை நாம் குறை கூறமாட்டோம். துரியோதனன் சபையில் இழிசொல் கேட்டதும் தம் வில்லை முறித்தெறிந்து, போர்த் தொழிலை உதறியவர் விதுரர் என்பதைப் பாரதம் கேட்ட தமிழர் அறிவர். ஒத்துழையாமைக்கு அவரினும் பழைய ஆசாரியர் உண்டோ? துரைமார் நம் இதிகாசத்துக்கு நம் பண்டிதர் சிலரைவிட நன்றாகவே பொருள் கொண்டனர்!

நம்மை வருத்துவது அத்தடையன்று. தடை விதித்த ஆட்சி 1947இல் ஒழிந்தது. தடைபட்ட படத்தை இன்று காண்பதற்கில்லை. குற்றச்சாட்டு நிற்கிறது, குற்றவாளிக் கூண்டு காலியாயிருக்கிறது. 1918ஆம் வருஷத்துச் சினிமாச் சட்டம் படத்தைத் தடுக்க அதிகாரம் தந்ததேயன்றி, காக்கும் கடமையை எவர் தலையிலும் சுமத்தவில்லை. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. வெப்பத்தில் நைந்து பொடியாகுவன. அவற்றிலுள்ள வெள்ளிக்காக அழித்தவர்களும் உண்டு. அந்நியனை மட்டும் நோவதும் நியாயமன்று. சுதந்திரம் பெற்றுப் பதினேழு வருஷம் கழித்து, 1964இல்தான் பூனாவில் தேசியப் படக் காப்பகம் தோன்றியது.

வக்கீல் தொழில் பயின்ற நமக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது. 1933இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற பேசாப் படத்தின்மீது, மூல நாவலின் பதிப்பாளர் உரிமை வழக்குத் தொடுத்தார். படம் முடக்கப்பட்டது; முடக்கப்பட்டதனாலேயே பிழைத்து, 1974இல் பூனாக் காப்பகத்தை அடைந்தது. விதுரர்மீது அவ்வாறு வழக்காட ஒருவரும் இல்லாது போயினர்!

தணிக்கைக்கு வரும் ஒவ்வொரு படத்தின் செம்மையான பிரதியொன்றைக் காப்பகத்தில் வைத்து என்றென்றும் பேணுவது, சர்க்கார் தட்டிக்கழிக்கவியலாத சட்டக் கடமையாதல் வேண்டும். அனுமதி மறுக்கப்பட்ட படங்களுக்கு இவ்விதி முதலில் பொருந்த வேண்டும். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் அமர்ந்துள்ள நம் பிரதிநிதிகள் இதனை எழுப்புவார்களா?