கருவை வைக்க "நல்ல நேரம்" பார்க்கும் டெஸ்ட்! காசுக்குப் பலன் உண்டா?

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பார்கள். கடை திறக்க நல்ல நேரம் பார்ப்பார்கள். இப்போது கருப்பையில் கருவை வைக்கவும் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். குறித்துக் கொடுப்பது ஜோசியர் இல்லை, லேபரட்டரி!

சோதனைக்குழாய் குழந்தை சிகிச்சையில், உடனே வைக்காத கருவை உறைய வைக்கிறார்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் அது கிடக்கும். பிறகு ஒரு மாதம் பார்த்து எடுத்து, கருப்பையில் வைப்பார்கள்.

எந்த நாளில் வைப்பது? அங்கேதான் சிக்கல்.

ஐந்து நாள் கணக்கு

கரு ஒட்டிக்கொள்ள கருப்பையின் உள்சுவர் தயாராக இருக்க வேண்டும். அதற்கு முதலில் ஈஸ்ட்ரோஜன் மருந்து கொடுத்து சுவரை வளர்ப்பார்கள். அடுத்து புரோஜெஸ்டிரோன். அதை ஆரம்பித்து ஐந்து நாள் முடிந்ததும், ஐந்து நாள் வளர்ந்த கருவை வைப்பது வழக்கம். கருவுக்கும் ஐந்து நாள், சுவருக்கும் ஐந்து நாள். சூட்சுமம் இவ்வளவுதான்! மாதவிடாய் ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு, கருமுட்டை வெளிவரும் நாளைக் கணக்கிட்டும் வைக்கலாம்.

"உங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். கருப்பைச் சுவரில் துளி சதையைக் கிள்ளி எடுத்து, அதிலுள்ள ஜீன்களைப் பார்க்கும் டெஸ்ட். பெயர் "இ.ஆர்.ஏ." இதற்குத் தனி பில். சிகிச்சையும் தள்ளிப் போகும். வலி வேறு!

நகையை அடகு வைத்துவிட்டு வந்த தம்பதி என்ன செய்வார்கள்? "இதையும் பார்த்துடுவோம்" என்று தலையாட்டுவார்கள்.

767 பெண்கள்

அமெரிக்காவில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளிவந்தது. மொத்தம் 767 பெண்கள். எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டெஸ்ட் சொன்ன நேரத்தில் கரு வைத்தார்கள். மற்ற பிரிவுக்கு வழக்கமான கணக்குதான்.

டெஸ்ட் பிரிவில் குழந்தை பிறந்தது நூற்றுக்கு 58.5 பேருக்கு. வழக்கமான கணக்கில் 61.9 பேருக்கு! இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து டெஸ்ட் கெடுதல் என்று சொல்ல முடியாது. லாபம் ஒண்ணும் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

"நூற்றுக்கு அறுபதா?" என்று வாயைப் பிளக்க வேண்டாம். அவை ஜீன் பரிசோதனையில் தேறிய கருக்கள். எல்லாக் கருவுக்கும் அது பொருந்தாது.

பெரிய விஷயம், முட்டை எடுத்த நாளில் பெண்ணுக்கு இருந்த வயது. 32 வயதில் எடுத்து உறைய வைத்த கரு, 38-ல் வைத்தாலும் 32 வயதுக் கருதான்.

வெற்றி வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, பக்க விளைவு என்ன என்பதை ஆஸ்பத்திரியே விளக்கிச் சொல்ல வேண்டும் என்று 2021-ல் வந்த மத்திய சட்டம் சொல்கிறது. டெஸ்ட் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன், "இதை எடுத்தவர்களில் கூடுதலாக எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?" என்று தாராளமாகக் கேட்கலாம்.