விளையாட்டும் வித்தையும்

"எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறான்" என்று பிள்ளையைப் பற்றி முறையிடாத வீடு இப்போது தமிழ்நாட்டில் அபூர்வம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்த முறையீட்டோடு ஒரு வேடிக்கையும் சேர்ந்திருக்கிறது. ஓசூருக்கு அருகேயுள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆப்பிள் கம்பெனியாரின் போன்களுக்கு உலோகக் கூடு செய்கிறார்கள். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அக்காள் ஆலையில் கூடு செய்ய, தம்பி வீட்டில் அந்தஸ்துக் குறைந்த வேறொரு போனில் வீடியோ கேம் ஆடுகிறான். அவள் தொழில் கற்கிறாள், இவன் பொழுதைக் கொல்கிறான் என்று நாம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். விஷயம் அவ்வளவு சுலபமன்று.

டெட்ரிஸ் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னாவ் என்பவர் உண்டாக்கியது. திரையின் மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். போகப் போக வேகம் கூடும். 1989-ல் வெளிவந்த நின்டெண்டோ பதிப்பில், 29-வது படிக்கு மேல் மனிதனுடைய கை ஓடாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பிறகு பொத்தானை அதிவேகமாகத் தட்டும் முறையொன்று பரவிற்று. அதற்கும் பின்னால் இன்னொரு யுக்தி வந்தது: ஒரு கை பொத்தானை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, மறு கையின் விரல்கள் மிருதங்கம் வாசிப்பதுபோல் கருவியின் அடிப்புறத்தை வரிசையாகத் தட்டும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், யந்திரமே திணறி நின்றுபோகும் வரையில் ஆடிவிட்டான்.

34 வருஷம் கைகூடாதது எப்படிக் கைகூடிற்று? மனிதனுக்குப் புது விரல் ஒன்றும் முளைத்துவிடவில்லை. ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டினார்கள். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கவில்லை. ஆட்டமோ, தப்புச் செய்த கணமே "தப்பு" என்று சொல்லிவிடுகிறது. ஏசுவதில்லை, மறுபடி ஆடு என்கிறது. இந்தப் பொறுமை நம் உபாத்தியாயர்களில் எத்தனை பேருக்கு உண்டு?

ஆனால், வீடியோ கேம் ஆடினால் புத்தி முழுவதுமே கூர்மையாகிவிடும் என்று அதை விற்கிறவர்கள் சொன்னால் நம்பிவிட வேண்டாம். 2002-ல் ஸிம்ஸ், மேயர் என்ற ஆராய்ச்சியாளர்கள் டெட்ரிஸ் வல்லவர்களைச் சோதித்தார்கள். டெட்ரிஸ் கட்டைகளை மனத்தில் சுழற்றிப் பார்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். வேறு உருவங்களைக் கொடுத்தபோது மற்றவர்களைப் போலவேதான். இன்னொரு பக்கம், 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, காமிராத் திரையைப் பார்த்துக்கொண்டே சிறு துளை வழியாகச் செய்யும் சஸ்திர சிகிச்சையைப் பற்றியது. முன்பு வாரத்துக்கு 3 மணிக்கு மேல் வீடியோ கேம் ஆடிய டாக்டர்கள், அதன் பயிற்சியில் 37 சதவிகிதம் குறைவாகத் தவறு செய்தார்களாம். சோதிக்கப்பட்டவர்கள் 33 பேர்தான். கைச் சாமர்த்தியம் உள்ளவர்களே விளையாட்டையும் நாடியிருக்கலாம். எப்படியானாலும், திரையைப் பார்த்துக் கையை அசைப்பது இரண்டுக்கும் பொது. வித்தை தன் வாய்க்காலில்தான் ஓடுகிறது. பக்கத்து வயலுக்குக் கொஞ்சம் கசியலாம்.

கையால் கற்பது பற்றிய வாதம் ஓசூர்ச் சீமைக்குப் புதிதன்று. பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1953-ல் சென்னை முதல் மந்திரியாக இருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிலும் மறு வேளை வீட்டுத் தொழிலிலும் பயில வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடு கொதித்தது. 1954-ல் திட்டம் கைவிடப்பட்டது. கையால் கற்பதும் கல்வியே என்றதில் அந்தப் பெரியவர் தவறவில்லை. யார் கை எதைக் கற்பது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கலாமா என்பதே வழக்கு. அதற்கு அவர் பிறந்த மண்ணே பதில் சொல்லிற்று. 1980-களில் ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை ஏற்பட்டபோது, சிற்றூர்ப் பள்ளிகளில் படித்து முடித்த இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்றினார்கள். கடிகாரம் செய்வது தமிழ்நாட்டில் எந்தக் குலத்துக்கும் குலத்தொழில் அன்று! 2002-ல் அதே கம்பெனி 3.5 மில்லிமீட்டர் கனமே உள்ள கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுள் ஓடும் யந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்.

இன்றைக்கு நம் கவலை வேறு. 1961-ம் வருஷத்துச் சட்டப்படி தொழில் பழகுநராக ஆலைக்கு வரும் பையனை, ஒரே திருகை முடுக்கும்படி வருஷம் முழுதும் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? அவன் முடுக்கிய சாமான் தேறிற்றா, தள்ளுபடியாயிற்றா என்பது அவன் காதுக்கு எட்டாது. தவணை முடிந்ததும் ஒரு சர்ட்டிபிகேட்டோடு ஊர் திரும்புவான். செல்போன் ஆட்டத்திலாவது அவனுக்கு அடுத்த படி என்று ஒன்று உண்டு. முதலாளிமார்களை நாம் கேட்பது பெரிய காரியமன்று: அவன் கைவேலையின் கதியை அன்று மாலைக்குள் அவனிடம் சொல்லுங்கள், தேறினால் மறுநாள் சற்றுக் கடினமான வேலையைக் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. போனைப் பிடுங்கும் முன், "எந்தப் படியில் நிற்கிறாய், ஏன் தோற்றாய், நாளைக்கு என்ன மாற்றிச் செய்வாய்?" என்று பையனைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னானானால் இன்னும் அரை மணி விடலாம். விழித்தானானால் தாராளமாகப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.