குரல் கேட்கிற காதுகள்

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி ஒரு கதாசிரியன் எழுதுவதாவது என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். கதை எழுதுகிறவர்களும் சினிமா எடுக்கிறவர்களுமாகிய நாங்கள் செய்யக் கூசிய காரியத்தை ஒரு விளையாட்டு செய்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருக்கும் 'நிஞ்சா தியரி' நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'ஹெல்பிளேட்' என்ற விளையாட்டு அது. செனுவா என்ற பெண், செத்துப்போன காதலனின் தலையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவன் உயிரை மீட்க நரகத்துக்கு நடக்கிறாள். அவள் காதில் ஓயாமல் குரல்கள். விளையாடுகிறவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டால், பிடரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ஏசுகிறது; காதோரம் இன்னொன்று சிரிக்கிறது; மற்றொன்று, பின்னால் எதிரி வருகிறான் என்று எச்சரித்துக் காப்பாற்றவும் செய்கிறது. பால் பிளெட்சர் என்ற மனநோய்ப் பேராசிரியரையும், நிஜமாகவே இப்படிக் குரல் கேட்கிறவர்களையும் கலந்துகொண்டு அமைத்திருக்கிறார்கள். செனுவாவின் தகப்பனோ, அவளுக்கு வந்தது சாபம் என்று அடைத்து வைத்தவன்.

அந்தத் தகப்பனை நமக்குத் தெரியாதா? கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி எடுக்கப் போன பெண் தனியே பேசத் தொடங்கினால், முதலில் கோடாங்கி. உடுக்கை, வேப்பிலை, திருநீறு. அடங்காவிட்டால் கிழக்கே ஏர்வாடி. தர்காவை நான் குறை சொல்லவில்லை. கதியற்றவன் எந்த வாசலிலும் போய் விழுவான். அதன் பக்கத்தில் கொட்டகை போட்டு, ஆட்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டுக் காசு வாங்கினார்களே, அதைச் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படியொரு கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் செத்தார்கள். ஓடத் தெரியாதவர்களல்ல, சங்கிலி விடவில்லை.

நாலே வருஷம். 2005இல் 'சந்திரமுகி'யைத் தமிழ்நாடே கொண்டாடிற்று. மனோவியாதி என்று வாயால் சொல்லிவிட்டுக் கண்ணுக்குப் பேயைக் காட்டுகிற படம். மனநோய் வைத்தியர் கடைசியில் மந்திரவாதியின் ஒத்தாசையோடுதான் குணப்படுத்துகிறார்! நாம் பயப்படக் கங்கா வேண்டும். அவள் உள்ளே என்ன கேட்கிறது என்பது மாத்திரம் யாருக்கும் வேண்டாம்.

நம்மில் ஒருவர் செய்தார். எம்.வி. வெங்கட்ராம் தம் சொந்த அவஸ்தையை வைத்தே 'காதுகள்' நாவலை எழுதினார். 1993இல் சாகித்திய அகாதெமி பரிசும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டோம்.

விளையாட்டிலும் வாளும் ரத்தமும் இல்லையா என்பீர்கள். உண்டு. வியாதியை விற்றுக் காசு பண்ணுகிறார்கள் என்பீர்கள். விலைக்குத்தான் விற்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் 'கிறுக்கச்சி' என்று கல்லெறியக் கொஞ்சம் தூரம் வேண்டுமே, ஐயா! அந்தத் தூரத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். குரல் உங்கள் காதிலேயே கேட்கிறது.

அதே 2017இல் நம் பாராளுமன்றம் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது அதன் 95ஆம் பிரிவு. சட்டத்துக்கு வந்த புத்தி சினிமாக் கதை இலாகாவுக்கு எப்போது வரும்? அடுத்த பேய்ப் படத்துக்குப் பூஜை போடுகிற புண்ணியவான்கள் ஏர்வாடிக்கு ஒரு நடை போய்விட்டு வந்து பதில் சொல்லட்டும்.