சொல்லும் சேர்க்கையும்

ஆங்கிலம் பயிலும் மாணவர் பலர் வினைச்சொற்களைப் பட்டியலிட்டு நெட்டுருச் செய்வர். ‘கிவ்’ என்பது கொடுத்தல். ‘அப்’ என்பது மேல். ஆயின், ‘கிவ் அப்’ என்பது மேலே கொடுத்தலன்று, கைவிடுதலாகும். ‘லுக்’ என்பது பார்த்தல். ‘ஆஃப்டர்’ என்பது பின். ‘லுக் ஆஃப்டர்’ என்பதோ பேணுதலாம். ‘சிட் டவுன்’ போன்ற சிலவற்றில் பகுதிகளே பொருளைக் காட்டும், பலவற்றில் காட்டா. இவ்வியல்பு அயலார்க்குப் பெரிதும் இடர் தருவது என்பதைச் சாமுவேல் ஜான்சன், 1755-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே குறித்துள்ளார்.

எனினும், தமிழ் மாணவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ‘கைவிடு’ என்னும் சொல்லைக் கை என்றும் விடு என்றும் பிரித்து எவரேனும் பொருள் கொள்வரோ? ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுதலும் கொடுத்தலும் தனித்து நிற்கின்றனவோ? இத்தகைய சொற்களைத் தமிழ்க் குழந்தைகள் பட்டியலில் கற்பதில்லை; பெற்றோரும் தோழரும் பேசக் கேட்டு, இடம் நோக்கிப் பொருளை உணர்கின்றனர்.

ஆங்கிலத்தையும் அவ்வாறே கற்றல் வேண்டும். நாள்தோறும் இரண்டொரு வினைகளைத் தொடரில் வைத்துப் படித்து, அவற்றைக் கொண்டு தாமே புதிய தொடர்கள் எழுதிப் பழகுதல் நன்று. தனியே மனனம் செய்த சொல் தேர்வு முடிந்ததும் மறந்துபோம். தொடரில் ஆண்ட சொல் நாவில் நிலைக்கும். தாய்மொழியின் இயல்பை நன்கு உணர்ந்த மாணவர்க்குப் பிறமொழிப் பயிற்சியும் எளிதிற் கைகூடும்.