வரால் மீனும் பத்து சென்டிமீட்டரும்

நடிகையோ மாடல் அழகியோ, யாரைப் பற்றி எழுதினாலும் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்து விழும் ஒரு சொல் 'லெக்கி'. நீண்ட, ஒல்லியான கால்களை உடையவர் என்று பொருள். பாராட்டுதான். ஆனால் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் தமிழ் கையை விரிக்கிறது. நெட்டைக்காலி என்று ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. அது வயல்வெளியில் ஓடித் திரியும் ஒரு சின்னப் பறவையின் பெயர். நெடுங்கால் உள்ளானும் பறவையே. நீண்ட கால் நீர்ப்பறவைக்குத்தான் அழகு என்று முன்னோர் நினைத்தார்கள் போலும்.

பெண்ணின் காலைப் பற்றி அவர்கள் பேசாமல் இல்லை. அடி முதல் முடி வரை வர்ணித்தால் பாதாதிகேசம், முடியிலிருந்து இறங்கினால் கேசாதிபாதம் என்று முறை வகுத்தே பேசினார்கள். பொருநராற்றுப்படையில் வரும் பாடினிக்குப் பாதம் களைத்த நாயின் நாக்கு. தொடை பெண் யானையின் துதிக்கை. கம்பராமாயணத்தில் சீதையைத் தேடிப் புறப்படும் அனுமனிடம் ராமன் அடையாளம் சொல்கிறான். கணைக்காலுக்குப் புலவர்கள் சொல்லும் உவமைகளாக அவன் எடுத்துக்காட்டுபவை: சினை கொண்ட வரால் மீன், அம்பறாத்தூணி, நெல்லின் சூல். (அத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்ற அனுமனின் பொறுமை தனிக் காவியத்துக்கு உரியது.) எல்லாமே திரட்சியைப் பேசுபவை. இன்றைய ஃபேஷன் மேடையில் இந்தக் கணைக்கால்கள் முதல் சுற்றிலேயே வெளியேறும்.

ரசனை மாறியதில் புகார் இல்லை. காலுக்குச் சொந்தக்காரியைக் கேட்காமலே தீர்ப்பு வழங்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. புலவர்களின் தீர்ப்பால் எந்தப் பாடினிக்கும் பாட்டு நின்றுபோகவில்லை. விளையாட்டு மைதானத்தில் விஷயம் வேறு.

2005இல் சானியா மிர்சாவுக்கு 18 வயது. டென்னிஸ் ஆட அவர் அணிந்த குட்டைப் பாவாடை மார்க்கத்துக்கு விரோதமானது என்றார் ஒரு மதத் தலைவர். அந்த செப்டம்பரில் கொல்கத்தா போட்டியில் போலீஸ் பாதுகாப்போடுதான் சானியா ஆட வேண்டியிருந்தது. ஆறே ஆண்டுகளில் இன்னொரு ஆட்டத்தில் கட்டளை தலைகீழானது. பெரிய போட்டிகளில் பெண்கள் பாவாடையோ கவுனோ அணிந்தே ஆட வேண்டும் என்று 2011இல் உலக பாட்மின்டன் சம்மேளனம் விதி கொண்டுவந்தது. ஆட்டத்தைக் கவர்ச்சியாகக் காட்ட வேண்டுமாம். அரைக்கால் சட்டைதான் வசதி என்பவர்கள் அதன் மேலேயே பாவாடையைக் கட்டிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையான சலுகை வேறு! பல நாட்டு வீராங்கனைகள் கொதித்தார்கள். அமல்படுத்தும் தேதி தள்ளிப்போயிற்று. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குச் சற்று முன்பு விதியே கைவிடப்பட்டது.

ஒருவர் மூடு என்கிறார், மற்றவர் காட்டு என்கிறார். சண்டைக்காரர்கள் போலத் தெரிந்தாலும் இருவரும் ஒரே கேலரியில் அருகருகே அமர்ந்து பார்ப்பவர்கள்தான். பந்து எங்கே விழுந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

2021 ஜூலையில் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி, ஐரோப்பியப் போட்டியில் பிகினிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்து இறங்கியது. அபராதம் 1,500 யூரோ. பிகினியின் பக்கவாட்டு அகலம் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அப்போதைய விதி. ஆண்களின் அரைக்கால் சட்டையோ முழங்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே வரை நீளலாம். அதே பத்துதான். ஒருவருக்குத் துணியின் முழு அகலம், மற்றவருக்கு விட வேண்டிய மிச்சம். உலகம் முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பின் அந்த ஆண்டு இறுதியில் சர்வதேச சம்மேளனம் விதியைத் திருத்தியது. திருத்திய விதியையும் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஆண்களுக்கு: 'மிகவும் தொளதொளப்பாக இல்லாத' சட்டை. பெண்களுக்கு: 'உடலை ஒட்டிய, இறுக்கமான' சட்டை.