உளப்பிறழ்வின் தொடக்கமும் குடும்பம் அருகில் இல்லாத இளைஞரும்

புனேயிலிருந்து லோனாவளாவுக்குச் செல்லும் புறநகர் ரயில் தாபோடியைக் கடந்தவுடன் நிற்பது கசார்வாடி நிலையத்தில். பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தொழிற்சாலைகளில் வேலை நாடி வெளியூர்களிலிருந்து வரும் இளைஞர் பலர் இச்சுற்றுவட்டாரத்தில் ஓர் அறையை மூவராகவோ நால்வராகவோ பகிர்ந்துகொண்டு வாழ்கின்றனர். உளப்பிறழ்வு நோய் முதன்முறையாகத் தலைகாட்டுவதும் பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையிலேயே. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், நகரத்து மனநலப் பணி எவ்விடத்தில் குறைவுபடுகிறது என்பது விளங்கும்.

நோய் ஒரே நாளில் வெடித்தெழுவது அரிது. முதலில் உறக்கம் கெடும்; பேச்சு குறையும்; நன்கு படித்துவந்த மாணவன் பாடத்தில் நாட்டம் இழப்பான். பின்னர், அயலார் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்ற ஐயம் தோன்றும்; பிறர் செவியில் விழாத குரல்கள் தன் செவியில் கேட்கும். முதற்கூறிய மாறுதல்கள் தேர்வு அச்சத்தாலும் வரக்கூடும் ஆதலின், ஆசிரியர் நோய்க்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. மாறுதலைக் கண்டு, தனிமையில் பரிவுடன் விசாரித்து, மருத்துவரிடம் சேர்ப்பித்தலே அவர் கடமை.

நாள் கடத்துவதே பெருந்தீங்கு. அறிகுறி தோன்றியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலம் நீள நீள, குணமடைவது கடினமாகிறது எனப் பல நாடுகளின் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இந்தியாவிலோ, 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வின்படி, உளப்பிறழ்வு உற்றோரில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சிகிச்சையின்றி இருந்தனர்.

இத்துறையில் சென்னையின் அனுபவம் கருதத்தக்கது. மருத்துவர் சாரதா மேனன் முதலியோர் 1984இல் அங்கு நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, முதன்முறை நோயுற்றோருக்கு இரு நகரங்களிலும் ஒரே முறையான சிகிச்சையை ஈராண்டுகள் அளித்துப் பார்த்தது. பிரமைகளும் குரல்களும் அடங்குவதில் இரு நகரங்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆயினும் ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்றவை சென்னையில் மிகுதியும் தணிந்தன. குடும்பத்தார் உடன் நின்றது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதைக் கேட்டு, இந்தியக் குடும்பத்தைப் போற்றிவிட்டு அமைந்துவிடுதல் எளிது. கசார்வாடி அறையில் குடும்பம் இல்லையே! உடன் தங்கியோர் அஞ்சி, நோயுற்றவனை ரயிலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவதுண்டு; அங்கே மந்திரிப்போரை நாடிச் சில மாதங்கள் கழிவதுமுண்டு. ஊருக்கு அனுப்புவது தவறன்று. சிகிச்சையைத் தொடங்காமல் அனுப்புவதே தவறு. எரவாடா மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டே கூசுவோருக்கு, பிம்ப்ரியில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் வந்தோருடன் ஒரே வரிசையில் நிற்பதில் யாருக்கும் இழுக்குத் தோன்றாது.

குடும்பத்தின் இடத்தில் வேறொருவர் நிற்கச் சட்டமும் வழி செய்துள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வயது வந்த எவரும் தமக்கெனப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டால் போதும். நியமிக்கப்படுபவரின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். அவர் உறவினராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. அறைத் தோழரும், தொழிற்சாலை மேற்பார்வையாளரும், முன்னாள் ஆசிரியரும் இவ்விடத்தை ஏற்கலாம். களப்பணியாளர் பயிற்சியில், நோய்க்குறிகளின் நீண்ட பட்டியலுக்கு முன்னர் இவ்விதியைக் கற்பிப்பது தகும். நோயாளியைச் சங்கிலியால் பிணைத்தலை அதே சட்டம் அறவே விலக்கியுள்ளது என்பதையும் உடன் சொல்லுதல் நன்று.

குரல்கள் அடங்கியதும் மருந்தை நிறுத்திவிட விரும்புவது மனித இயல்பு. அத்தருணத்தில் வாரம் ஒருமுறை வந்து விசாரிக்கும் ஒருவரும், திரும்பி வருவதற்கு ஒரு வேலையும் இருந்தால் சிகிச்சை தொடரும். மருத்துவமனை மூடிய வேளையில் ஐயம் எழுமாயின், 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். மராத்தியிலும் தமிழிலும் மறுமொழி கிடைக்கும்.